மூன்றாவது விண்மீன்

பேராசிரியை கௌரம்மாவின் படம் முதன்முதலாகப் பத்திரிகையில் வந்தபோது மோகனப்ரியா கர்நாடக எல்லையோரத்து ஹனூரில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கன்னடப் பத்திரிகை. முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண்மணி தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு நட்சத்திரங்கள் இன்னும் சில வருடங்களில் ஒன்றாகிவிடப் போகின்றன, அப்போது எழும் வெளிச்சம் வெறுங்கண்ணுக்கே தெரியும், அதைக் கண்டுபிடித்தவர் மைசூர்க்காரர் என்று செய்தி சொன்னது. ஊரைத் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம். அந்தத் தொலைநோக்கி இருந்தது ஹனூருக்குப் பக்கத்தில்தான். பாலாறு சோதனைச் சாவடிக்குப் போகிற சாலையில் காட்டோரமாக நிற்கும் தகரக் கூரைக் கட்டடம் அது. வனத்துறை வாகனம் நிறுத்துகிற கொட்டகை என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மோகனப்ரியாவின் அப்பா மல்லப்பன் மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிறவர். வீட்டில் பேச்சு தமிழ், பிள்ளைகளுக்குப் படிப்பு கன்னடம். டீக்கடையில் எல்லோரும் படித்து முடித்த பிறகு அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கி வந்து மகளிடம் நீட்டினார்.

“பாரு கண்ணு, கண்டுபிடிச்சது ஒரு பொம்பளையாமா. நம்மூர்ல வந்து உக்காந்து கண்டுபிடிச்சிருக்குது. நமக்குத்தான் தெரியாமப் போச்சு.”

அவள் என்ன படிக்கப் போகிறாள் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. பட்டப்படிப்புக்கு மைசூர் வந்தாள், விடுதியில் தங்கினாள், இயற்பியலில் முதுகலை முடித்தாள். கௌரம்மாவிடமே ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். நேர்காணலில் கௌரம்மா கேட்டது ஒரே கேள்வி. சொந்த ஊர் எது?

ஹனூர் என்று அவள் சொன்னதும் கௌரம்மா சிரித்தார். மற்ற மாணவர்களை அந்தக் காட்டோரத்துக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் காய்ச்சல் என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள், உனக்கு அந்தக் கவலை இல்லை, உன் வீட்டிலேயே சாப்பாடு என்றார். தன் அறிவுக்காக அல்ல, ஊருக்காகத்தான் எடுத்தார்களோ என்ற சந்தேகம் மோகனப்ரியாவுக்கு அப்போதே ஒரு நொடி வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அந்தப் படத்தில் இருந்த பெண்மணியின் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அப்படியெல்லாம் யோசிக்கத் தோன்றாது.

அவளுக்குக் கிடைத்தது அதே இரட்டை நட்சத்திரம். அதற்குப் பெயர் கிடையாது, அட்டவணையில் ஓர் எண்தான். பெரிய விண்மீன் நம் சூரியனைவிடச் சற்றுக் கனமானது. சிறியது அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டும் தொட்டுக்கொண்டே சுற்றுகின்றன. வேர்க்கடலை ஓட்டுக்குள் இரண்டு பருப்பு இருப்பதைப்போல, கொதிக்கும் வாயுவாலான ஒரே போர்வைக்குள் இரண்டும் கிடக்கின்றன. அந்தப் போர்வை வழியாகப் பெரியதன் வெப்பம் சிறியதற்கும் பரவிவிடுவதால், கனத்தில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றே. ஒரு முழுச் சுற்றுக்கு ஏழு மணி நேரம் போதும். ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது நமக்கு வரும் வெளிச்சம் மங்குகிறது, விலகும்போது பழையபடி கூடுகிறது.

கௌரம்மாவின் கண்டுபிடிப்பு அந்த மங்கலின் நேரத்தைப் பற்றியது. ஒவ்வொரு மறைப்பும் கணக்குப்படி வரவேண்டிய கணத்தைவிட முந்தி வந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு வருடம் இன்னும் கொஞ்சம் முந்தியது. அப்படியென்றால் சுற்றும் நேரம் சுருங்குகிறது, சுருங்குகிறது என்றால் இரண்டும் நெருங்குகின்றன, நெருங்கினால் ஒருநாள் பெரியது சிறியதை விழுங்கிவிடும். இதுதான் பத்திரிகைக்குப் போன செய்தி. மோகனப்ரியா செய்யவேண்டியது அந்த நெருக்கத்தைத் துல்லியமாக அளந்து, எப்போது சேரும் என்று உறுதிப்படுத்துவது.

வேலை கடுமையானது. நிலையத்துக்குப் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அப்புறம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டிகளை விடமாட்டார்கள். மல்லப்பன் பைக்கில் கொண்டுவந்து விடுவார். காவலாளி ஜடையன் கூரையைத் தள்ளித் திறப்பார். பிறகு அவளும் கருவியும்தான். மழைக்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. பனிக்காலத்தில் விரல் விறைத்துப்போகும். யானை நடமாட்டம் இருந்தால் விடியும்வரை கட்டடத்தை விட்டு வெளியே வரமுடியாது. அவள் எடுத்த அளவீடுகளைப் போல அந்தத் துறையில் வேறு யாரும் எடுத்ததில்லை என்று கௌரம்மாவே கருத்தரங்குகளில் சொன்னார். அதையெல்லாம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு பொதுத் தளத்தில் ஏற்றச் சொன்னதும் அவர்தான்.

இடையில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சந்துரு மைசூரில் மண்டி மொஹல்லாவில் பிறந்து வளர்ந்த தமிழன், மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவி காட்டோரத்தில் இரவுகளைக் கழிப்பதை அவன் ஆட்சேபிக்கவில்லை. அது எப்போது முடியும் என்று மட்டும் அடிக்கடி கேட்டான்.

முடியப்போகிற கட்டத்தில்தான் அந்த நட்சத்திரம் சொன்னபடி கேட்காமல் போயிற்று. கடைசிப் பருவத்தில் எடுத்த மறைப்புகள் முந்தி வரவேண்டிய அளவுக்கு முந்தவில்லை. முதலில் கடிகாரத்தைச் சந்தேகித்தாள். பிறகு தன் கணக்கை. எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்தபோது மிச்சம் நின்றது ஒரே விளக்கம். இரண்டும் நெருங்கவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது விண்மீன் ஒன்று அங்கே இருக்கிறது. சின்னதாக, சிவப்பாக, மங்கலாக. அதோடு சேர்ந்து இந்த ஜோடி பெரிய வட்டமொன்றில் போய்வருகிறது. நம் பக்கம் வரும்போது வெளிச்சம் வரவேண்டிய தூரம் குறைவதால் மறைப்பு முந்தித் தெரிகிறது, விலகிப் போகும்போது பிந்தித் தெரியும். கௌரம்மா இத்தனை வருடமாகப் பார்த்தது அந்த வட்டத்தின் ஒரு பக்கத்தை மட்டும்தான்.

இதை அவள் முதலில் சொன்னது கிரணிடம். கிரண் அவளுக்கு மூன்று வருடம் இளையவன், அதே மேடத்திடம் ஆய்வு செய்துகொண்டிருந்தவன், அவளை அக்கா என்று கூப்பிடுவான். கேன்டீன் மேசையில் விரலால் தண்ணீர் தொட்டு வட்டம் போட்டுக் காட்டினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, இதை மேடத்திடம் எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டான்.

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. லிங்கம்மா என்று ஒரு மூத்த மாணவி. வேறொரு நட்சத்திரத்தின் வெப்பநிலை விஷயத்தில் மேடத்தோடு வாதம் செய்தாள். மேடம் அவளைத் திட்டவில்லை, விலக்கவும் இல்லை. ஆய்வேட்டை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார், இன்னொரு முறை படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். லிங்கம்மா இரண்டு வருடம் அந்த மேசையைப் பார்த்துப் பார்த்து அலுத்து, தபால் துறைப் பரீட்சை எழுதிப் போய்விட்டாள். துறையில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் மாதத்திலேயே இந்தக் கதையைக் கேட்டுவிடுவார்கள்.

மோகனப்ரியா ஒரு தனி அத்தியாயமாக எழுதிக்கொண்டு போனாள். கௌரம்மா கோபப்படவில்லை. நிதானமாகப் படித்தார். உன் அளவீடுகள் அருமை என்றார். ஆனால் நீ சொல்கிற வட்டம் முடிய எத்தனையோ வருடம் ஆகும், உன் கையில் இருப்பது சில வருடத்துக் கணக்கு, பாதி வளைவைப் பார்த்துவிட்டு முழு வட்டம் என்று சொல்வது அறிவியல் ஆகாது என்றார். காட்ட முடிந்ததை மட்டும் எழுது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை, கஷ்டமே அதுதான். இருக்கும் புள்ளிகளின் மேல் சரிந்து இறங்கும் ஒரே கோட்டைப் போடலாம், வட்டத்தையும் போடலாம். கடைசிப் பருவத்துப் புள்ளிகள் மட்டும் கோட்டைவிட்டு லேசாக மேலே நின்றன. எவ்வளவு மேலே என்பது பார்க்கிறவரின் துணிச்சலைப் பொறுத்தது.

அப்போது அவளுக்கு ஐந்தாவது மாதம். உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து சந்துருவிடம் சொன்னபோது அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“அந்த மேடம் சொல்ற மாதிரியே எழுதி கொடுத்துடு ப்ரியா. சும்னே எதுக்கு தொந்தரவு? டாக்டர்னு பேருக்கு முன்னாடி வந்துட்டா அப்புறம் நீ எத வேணா எழுது, யார் கேக்கப்போறா?”

அவள் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாள். இரண்டு விண்மீன்களும் நெருங்குகின்றன, சேர்வது உறுதி என்று முடிவுரை எழுதினாள். கௌரம்மா ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வில் கைதட்டினார்கள். ஹனூரிலிருந்து மல்லப்பன் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். கௌரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

மகள் பிறந்தாள், சோனியா என்று பெயர் வைத்தார்கள். தொற்றுக்காலம் வந்தது. எல்லாம் ஓய்ந்தபோது மோகனப்ரியா ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தாள். அந்த வேலை கல்வியாண்டு முடிந்தால் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் உண்டு. கௌரம்மா ஓய்வு பெற்றார். தொலைநோக்கி நிலையத்தைக் கவனிக்க ஆளில்லாமல் பூட்டிவிட்டார்கள். நட்சத்திரத்தைப் பற்றி அப்புறம் எதையும் எழுதலாம் என்று சந்துரு சொன்னானே, அந்த அப்புறம் வரவே இல்லை. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, குழந்தையைக் கவனித்து முடிப்பதற்குள் வருடங்கள் போயின.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அந்த ஆய்வுக்கட்டுரை வந்தது போன வருடம். அவளுக்கு அனுப்பியவர்கள் யாரும் இல்லை. பழைய பழக்கத்தில் அந்த எண்ணைத் தேடியபோது கண்ணில் பட்டது. செயற்கைக்கோள் தந்த அளவீடுகளையும் பெரிய தொலைநோக்கிகளின் நிறமாலைகளையும் வைத்து, அந்த இரட்டைக்கு மூன்றாவது துணை உண்டு என்று நிறுவியிருந்தார்கள். சூரியனில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள சிவப்புக் குள்ளன். இரண்டு விண்மீன்களும் நெருங்கவில்லை, சேரப்போவதுமில்லை. இதை நிரூபிக்கச் செயற்கைக்கோளின் காலம் மட்டும் போதாது, பழைய அளவீடுகள் வேண்டும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டவை மோகனப்ரியாவின் அளவீடுகள். கட்டுரையின் நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. மோகனப்ரியாவின் அளவீடுகள் மிகத் துல்லியமானவை, அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறானது.

கட்டுரையாசிரியர்கள் பட்டியலில் நான்காவது பெயர் கிரணுடையது.

அவள் வாசித்தது கல்லூரியில் ஆசிரியர் அறையில். பக்கத்தில் யாரோ டிபன் டப்பாவைத் திறந்து புளியோதரை வேண்டுமா என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடிக்கவும் செய்தாள். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை.

சில நாளில் மைசூர் நிருபர் ஒருவர் கௌரம்மாவின் வீடு தேடிப் போனார். சேரப்போவதாகச் சொன்ன நட்சத்திரங்கள் என்ன ஆயின என்று கேட்டிருக்கிறார். அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று கௌரம்மா பதில் சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் தான் சொன்னது ஒரு ஊகம் மட்டுமே, பிற்பாடு ஒரு மாணவியின் ஆய்வேட்டை நம்பித்தான் அது உறுதி என்று எடுத்துக்கொண்டோம், இளம் ஆய்வாளர்கள் அவசரப்படுவது இயல்பு, அதைப் பெரிதுபடுத்தக்கூடாது என்றும் சொல்லியிருந்தார். பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அந்த நட்சத்திரத்தில் ஆய்வுப் பட்டம் வாங்கியவள் ஒருத்திதான்.

ஹனூரிலும் அந்தப் பத்திரிகை வரும். மறுநாள் காலையில் மல்லப்பனின் போன் வந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். மஞ்சளுக்கு நோய் விழுந்திருப்பதைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“கண்ணு, அதுல நீ தப்புப் பண்ணிப்போட்டியா?”

மூன்றாவது நட்சத்திரத்திலிருந்து, லிங்கம்மாவிலிருந்து, சோனியா வயிற்றில் இருந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னால்தான் அதற்குப் பதில் சொன்னதாகும். அவளுக்கு ஆயாசமாக இருந்தது.

“ஆமாங்கப்பா.”

“செரி விடு. அத்தன தூரத்துல கெடக்கறத எவந்தான் செரியாச் சொல்ல முடியும்” என்றார். மகளைத் தேற்றுவதாகத்தான் சொன்னார். எத்தனை பனிக்காலம் அந்தச் சாலையில் பைக்கில் கொண்டுவந்து விட்டவர். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டபிறகு அவளால் அன்றைக்குக் கல்லூரிக்குப் போகமுடியவில்லை.

சந்துருவோடு பெரிய சண்டை நடந்தது. எழுதிக் கொடுத்துவிடு என்று சொன்னவன் நீதானே என்றாள். நீ கேட்டாய், நான் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், உன் படிப்பு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா என்றான் அவன். அதுவும் உண்மைதான். அவளைச் சுற்றி எல்லோருமே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேர்த்துப் பார்த்தால் பழி மட்டும் அவள் கணக்கில் வந்து நின்றது.

இதற்கு நடுவில் ஒரு நேர்காணல் இருந்தது. தனியார் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர் பதவி, நிரந்தரமானது. வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்கள், நன்றாகவே எடுத்தாள். கடைசியில் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மிக மரியாதையாக, அண்மையில் ஒரு கட்டுரையில் முடிவு தவறு என்று சொல்லப்பட்ட மோகனப்ரியா நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். விளக்கம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். என் வழிகாட்டி அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார் என்று அங்கே எப்படிச் சொல்வது? சொன்னால் குருவைக் காட்டிக்கொடுத்தவள், சொல்லாவிட்டால் தவறு செய்தவள். அப்போதைய அளவீடுகளுக்கு அதுதான் பொருத்தமான முடிவாக இருந்தது என்றாள். பெரியவர் தலையாட்டினார். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

கௌரம்மாவைப் போய்ப் பார்ப்பதென்று அதற்குப் பிறகுதான் முடிவெடுத்தாள். அவர் வீடு அக்ரஹாரத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூக்கடைக்காரர்கள் சரம் கட்டிக்கொண்டிருந்த தெரு வழியாக ஸ்கூட்டரில் போய் இறங்கினாள். கௌரம்மா அவளைக் கண்டதும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். குழந்தை என்ன படிக்கிறது என்று விசாரித்தார். சர்க்கரை போடாத காபி கொடுத்தார். பேச்சு கன்னடத்தில் நடந்தது.

பத்திரிகையில் வந்ததைப் பற்றி அவள் ஆரம்பிப்பதற்குள் அவரே தொடங்கினார். அந்த மூன்றாவது விண்மீனின் பாதை எவ்வளவு நீள்வட்டம் பார்த்தாயா, அதனால்தான் நம்மை இவ்வளவு காலம் ஏமாற்றியிருக்கிறது, அழகான அமைப்பு என்றார். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட குழந்தையின் உற்சாகம் அவர் முகத்தில் இருந்தது. மோகனப்ரியா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“மூணாவது நட்சத்திரம் இருக்குன்னு நான் உங்ககிட்ட சொன்னேன், மேடம்.”

“சொன்னே. ஞாபகம் இருக்கு.”

“அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொன்னது நீங்க.”

“எடுத்தா நல்லதுன்னு சொன்னேன். அன்னைக்கு உன்கிட்ட இருந்த ஆதாரம் போதாது. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.” கௌரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “எடுக்க மாட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையெழுத்து போட்டிருப்பேன், மோகனா. நீ சொல்லவே இல்லையே.”

“லிங்கம்மா சொன்னாங்களே. போட்டீங்களா?”

“லிங்கம்மா சொன்னது தப்பு. நீ சொன்னது சரி.”

அந்த முகத்தில் கள்ளம் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கௌரம்மா தான் சொல்வதை முழுக்க நம்பினார். ஒருவேளை அது நிஜமாகவே இருக்கலாம். ஒரு வார்த்தை பேசியிருந்தால் கையெழுத்துப் போட்டுமிருப்பார், மூன்றாவது விண்மீன் இன்றைக்கு அவள் பெயரில் இருந்திருக்கும். அப்படி இல்லாமலும் இருக்கலாம், ஆய்வேடு மேசையிலேயே கிடந்திருக்கும், அவளும் ஏதாவது தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்திருப்பாள். இரண்டில் எது என்பதை இனி எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாது.

பத்திரிகையில் என்னைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். உன் பெயரை நான் எடுக்கவே இல்லையே என்றார் கௌரம்மா. புறப்படும்போது குழந்தைக்கென்று ஒரு டப்பாவில் மைசூர்ப் பாகு போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. அதையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரமே கிரண் வெளிநாட்டிலிருந்து போன் செய்தான். இரண்டாவது கட்டுரை எழுதுகிறோம், அந்த மூன்றாவது விண்மீனின் பாதையை இன்னும் துல்லியமாகச் சொல்லப்போகிறோம் என்றான். உங்கள் அளவீடுகளை மறுபடி பயன்படுத்துகிறோம், அதற்கு நன்றி சொல்லியிருக்கிறோம், உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க நினைத்தேன் என்றான். தூரத்தில் ஏதோ ரயிலின் சத்தம் கேட்டது. அவன் நடந்துகொண்டே பேசினான்.

“கேன்டீன்ல நான் வட்டம் போட்டுக் காட்டினது ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

அவன் நடை நின்றது தெரிந்தது. “இருக்குக்கா. இங்க இதைத் தேடிப் பாக்கலாம்னு எனக்குத் தோணினதே அதனாலதான். ஆனா நீங்க எழுதி வெச்சது வேறயா இருக்கே. மேசை மேல போட்ட தண்ணிய நான் எப்படி ஆதாரமாக் காட்டறது?”

அவன் ஏளனம் செய்யவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அந்த நன்றியும் வேண்டாம், என் பெயரை எடுத்துவிடு என்றாள். அளவீடுகள் பொதுவில் இருக்கின்றன, யார் எடுத்தது என்று சொல்லாமல் வைத்துக்கொள் என்றாள். அவன் தயங்குவான், வற்புறுத்துவான், அப்படியானால் எங்களோடு கட்டுரையாசிரியராகவே சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்வான் என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் காத்திருந்தாள். சரிக்கா, உங்கள் விருப்பம் என்றான். போனை வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் திருத்திய பக்கம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. நன்றி சொல்லும் பத்தியில் பொதுத் தளத்தின் பெயர் மட்டும் இருந்தது.

இந்த ஆண்டும் கல்லூரியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு சிறு ஆய்வுத்திட்டம் உண்டு, அதற்கு வழிகாட்டுவதும் அவள் வேலை. மனிஷா என்ற மாணவி வந்து, மாறும் ஒளியுள்ள இரட்டை நட்சத்திரத்தைப் பற்றிச் செய்ய ஆசை, நீங்கள்தான் அதில் பட்டம் வாங்கியவர் என்றார்கள் என்றாள். மோகனப்ரியா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதெல்லாம் இங்கே முடியாது என்றாள். ஆய்வகத்தில் சோடியம் விளக்கு இருக்கிறது, அதன் நிறமாலையை அளந்து எழுது, மதிப்பெண் கிடைக்கும். மனிஷா சரி மேடம் என்று சொல்லிவிட்டு வேறு ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவருக்கு இரட்டை நட்சத்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்டதும் ஒப்புக்கொண்டார். மோகனப்ரியாவுக்கு வந்தது நிம்மதியா ஆத்திரமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆசிரியர் அறைக்கு மனிஷா மடிக்கணினியோடு வந்தாள். செயற்கைக்கோள் தரவை இறக்கி, ஏதோ ஒரு நட்சத்திரத்தின் ஒளி ஏறி இறங்குவதை வரைபடமாகப் போட்டிருந்தாள். சுற்றும் நேரம் மூன்றரை மணி என்று பெரிதாக எழுதியிருந்தாள். ஒரு நிமிஷம் பார்த்துச் சொல்ல முடியுமா, எங்கள் சார் சரி என்றுதான் சொன்னார், எனக்கு என்னவோ உறுத்துகிறது என்றாள்.

மோகனப்ரியா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தாள். சோனியாவின் பள்ளி விடும் நேரம். பார்த்த மாத்திரத்தில் பிழை தெரிந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்தச் சாருக்குத் தெரியாது, மதிப்பிட வருகிறவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் நின்றபடியே குனிந்து திரையைப் பார்த்தாள்.

“ரெண்டு பள்ளமும் ஒரே ஆழம்னு நினைச்சுட்டே. பெருசாக்கிப் பாரு, ஒண்ணு இம்மி குறைவா இருக்கும். முதல்ல சின்னது பெருசை மறைக்குது, அப்புறம் பெருசு சின்னதை மறைக்குது. நீ போட்டிருக்கறது அரைச் சுத்து. ரெண்டால பெருக்கு.”

மனிஷா பெரிதாக்கிப் பார்த்தாள். வாயைப் பிளந்தபடி, அப்போ மத்த கணக்கெல்லாம் தப்பா மேடம் என்று கேட்டாள்.

“எல்லாம்தான்” என்றாள் மோகனப்ரியா. “உங்க சார் சரின்னாலும் திருத்தாம விடாதே.” இன்னும் ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் ஸ்கூட்டர் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.